பறங்கிமலை மேஜை

சாமு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஊர் போய்ச் சேர்ந்தது, நாக்பூரில் வீடு பார்த்தது எல்லாம் படித்துக்கொண்டே வந்தவன் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 'ரூத்தின் கண் போனது என்னால்தான் என்று நிர்மலாவின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ரூத் காலம் முழுக்க என்னோடுதான் இருப்பாள், அதற்குச் சம்மதம் என்றால்தான் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாய். நீ அவரிடம் சொன்னது உண்மையில்லை. உண்மையில்லை என்பது உனக்குத் தெரியாது. எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். உன் தங்கையின் கண் போனது என்னால். எப்படி என்று இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை கிழித்துப் போடாதே. அதன் பிறகு உன் இஷ்டம்.

நான் பழைய மரச்சாமான் பைத்தியமாக ஆனது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மாவின் அப்பா முதல் தடவையாகத் தாம்பரத்துக்கு நம்மைப் பார்க்க வந்தார். வேப்பேரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். மடிப்புக் கலையாத வேட்டி, மேலே கோட்டு. நம் வாடகை வீட்டில் ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். அவர் சுற்றிலும் பார்த்தார். 'பரவால்ல மாப்ள, நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறேன், ட்ரெயினுக்கு நேரமாகுது' என்றார். ட்ரெயினுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உன் அம்மா காபித் தம்ளரோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்குள் ஏறிய சூடு ரொம்ப வருஷம் இறங்கவே இல்லை.

குமாஸ்தா சம்பளத்தில் புதுத் தேக்கு வாங்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பறங்கிமலை, பல்லாவரம் பக்கம் சட்டைக்காரர்கள் என்று நாம் சொல்லும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. தாத்தா காலத்துக் கட்டிலையும் அலமாரியையும் கப்பலில் கொண்டுபோக முடியாதே. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் நான் எலக்ட்ரிக் ரயிலில் நேராகத் தாம்பரம் வரமாட்டேன். பறங்கிமலையில் இறங்கித் தெருத்தெருவாக நடப்பேன். ஜன்னலில் திரை இல்லாத வீடு, வாசலில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வீடு, இவைதான் என் கண்ணில் படும். உள்ளே போனால் மேலே அடித்திருக்கும் பெயின்ட்டைப் பார்க்கமாட்டேன். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். இரண்டு பலகைகள் ஆணியில்லாமல் விரல் கோத்த மாதிரி இணைந்திருந்தால் நல்ல கை செய்த வேலை. சாமானின் காலை ஒரு பக்கம் தூக்கிப் பார்ப்பேன். கனம் சொல்லிவிடும் பர்மா தேக்கா, மாமரமா என்று. இதையெல்லாம் உன்னையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். நீ இப்போது குடித்தனம் வைக்கப்போகிறாய், நீயும் சாமான் தேடுவாய், அதனால் ஒன்று சொல்கிறேன். பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிற வீட்டில் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. சாமானைத்தான் பார்த்தேன்.

அந்த மேஜையைப் பற்றி முதலில் சொன்னவன் மாட்டு வண்டிக்கார முனுசாமி. நான் வாங்குவதையெல்லாம் தாம்பரத்துக்கு இழுத்து வருகிறவன் அவன்தான். 'சார், மவுண்டுல ஒரு சட்டக்காரம்மா வூட்ட காலி பண்ணிகினு கீது. அடுத்த மாசம் கப்பலு. பச்ச பெயின்ட்டு அடிச்ச மேஜ ஒண்ணு கீது சார், நாலு ஆளு சேந்து தூக்குனாலும் அசையமாட்டேங்குது. இன்னா மரமோ!' என்றான். போய்ப் பார்த்தேன். இழுப்பறைக்குள் பெயின்ட் படாத இடத்தில் நகத்தால் கீறினேன். கருஞ்சிவப்பாக ரோஸ்வுட். வீட்டுக்காரி விதவை, அறுபது வயதிருக்கும், பூப்போட்ட கவுன் போட்டு நாற்காலி இல்லாத அறையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'உள்ளே செல்லரிச்சிருக்கு மேடம், விறகுக்குத்தான் ஆகும்' என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'நீ பொய் சொல்றே, மேன். இது என் கிராண்ட்பா டேபிள். உள்ளே என்ன மரம்னு எனக்குத் தெரியும். பரவாயில்லை, எடுத்துட்டுப் போ. கப்பல் எனக்காக நிக்காது' என்றாள். எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பச்சைப் பெயின்ட் மூன்று தடவை அடித்தது, ஒன்றின் மேல் ஒன்று. சுரண்டினால் மரம் காயப்படும் என்று காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவிப் பெயின்ட்டை எடுப்பேன். அது தோலில் பட்டால் வெந்துபோகும். அது தெரிந்தும் இரண்டு குழந்தைகள் ஓடியாடுகிற கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு மண்சட்டியில் கரைத்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். உனக்குப் பத்து வயது. ரூத்துக்கு ஐந்து. உன் அம்மா எத்தனையோ தடவை சொன்னாள், 'அதை எங்கேயாவது வெளியில வச்சுச் செய்யுங்க, பயமா இருக்கு' என்று. 'சாமு பாத்துக்குவான்' என்பேன். சட்டியைப் பலகையால் மூடுவதும் பாப்பாவைப் பக்கத்தில் விடாமல் பார்ப்பதும் உன் வேலை என்று வைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை கொடுத்ததே தப்பு. ஆனால் நான் சொல்ல வந்த தப்பு அது இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேஜையின் முன்பக்கம் முடிந்துவிட்டது, கால்கள் மட்டும் பாக்கி. உப்புத்தாள் தீர்ந்துபோய், உன்னை மார்க்கெட் கடைக்கு அனுப்பினேன். நீ போவதற்கு முன்னால் சட்டியை மூடினாய். பலகையை வைத்து, காற்றுக்கு நகராமல் இருக்க அதன்மேல் ஒரு செங்கலையும் வைத்துவிட்டு ஓடினாய். என் கண்ணால் பார்த்தேன். சாமு, இந்த வரியை இரண்டு தடவை படி. நீ மூடிவிட்டுத்தான் போனாய்.

நீ போன பிறகு, அதற்குள் இன்னொரு காலை முடித்துவிடலாம் என்று நான்தான் செங்கலை எடுத்து ஓரமாக வைத்தேன், பலகையை எடுத்தேன், கந்தல் சுற்றிய குச்சியைச் சட்டியில் முக்கினேன். அப்போது வாசலில் முனுசாமியின் குரல். 'சார்! அந்த மேஜையோட நாக்காலி ரெண்டு அவ அக்கா வூட்ல கீதாம். மூர் மார்க்கெட்டுகாரன் ஒருத்தன் பாத்துட்டு போயிகீறான். நாளைக்கு வண்டி கொணாந்துருவான். இன்னா சொல்றீங்க?' என்றான். குச்சியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நாற்காலிக்குப் பிரம்புப் பின்னலா, கை வைத்ததா, கால் மேஜைக் கால் மாதிரியே கடைசலா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். கொல்லையில் ரூத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாள். அப்பா செய்கிற மாதிரியே மேஜைக்குப் பெயின்ட் எடுக்கலாம் என்று குச்சியைத் தூக்கியிருக்கிறாள். கந்தல் முகத்தில் வந்து அடித்தது.

அந்த அலறலை முதலில் கேட்டவன் நீ. கொல்லை வாசல் வழியாக வந்துகொண்டிருந்தாய். நான் வந்து பார்க்கும்போது நீ அவளைக் கிணற்றடியில் படுக்கவைத்து, வாளியில் இருந்த தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாய். வாளி காலியானதும் நீயே இறைத்தாய். உன் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, 'யாரு பாத்துக்கிட்டு இருந்தது? யாரு சட்டியத் தொறந்து வச்சது?' என்று கத்தினாள். அவள் என்னைத்தான் பார்த்துக் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். 'மூடிட்டுப் போடான்னு சொன்னேனே! மூடாமப் போயிட்டியா?' என்று உன் கன்னத்தில் அறைந்தேன். உன் கையில் சுருட்டிய உப்புத்தாள் இருந்தது. நீ என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாய். 'மூடுனேன்னு நினைச்சேம்பா' என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த 'நினைச்சேன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தப்பித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. உனக்கே உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு மேல் நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். இடது கண் வெண்மையாகிப் போய்விட்டது. மூன்றாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'பட்டதுமே தண்ணி ஊத்தினது யாரு?' என்று கேட்டார். 'என் பையன்' என்றேன். 'நல்லவேளை சார். அவன் மட்டும் அப்படி விடாம ஊத்தலைன்னா வலது கண்ணும் போயிருக்கும். அவன்கிட்ட சொல்லுங்க' என்றார். நான் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன்மேல் கோபம் குறைந்துவிடும், கோபம் குறைந்தால் வேறு கேள்விகள் வரும் என்று பயந்தேன். இந்தப் பதினைந்து வருஷத்தில் நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அறைந்ததுகூட ஒரு நிமிஷத்தில் நடந்தது. இது தினமும் காலையில் எழுந்து செய்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பாதி சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப்போன ஒரு மத்தியானம் பறங்கிமலையில் இறங்கினேன். அந்த நாற்காலிகள் போய்விட்டனவா என்று பார்க்கத்தான். போகவில்லை. பேசி முடித்து, முனுசாமி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த ரயிலைப் பிடித்தேன். உன் அம்மா பசியோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 'ரயில் லேட்' என்றேன். ரூத் வீட்டுக்கு வந்த பிறகு அந்த மேஜையையும் முடித்தேன். உப்புத்தாள் போட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மல்துணியில் பொதிந்து வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரிப் பாலீஷ் போட்டேன். உன் தாத்தா வந்து அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, 'இது எங்க பிடிச்சீங்க மாப்ள? கவர்னர் வீட்டு மேஜை மாதிரி இருக்கே' என்றார். நான் எதற்காக அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. நீ அந்த மேஜையில் ஒரு நாளும் உட்கார்ந்து படித்ததில்லை. தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவாய். 'இவ்வளவு நல்ல மேஜை இருக்கு, இவனுக்கு எருமை மாதிரிப் புரளணும்' என்று நான் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நான் எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. ரூத்தின் புத்தகப் பையை நீ சுமந்தாய். அவளைக் கேலி செய்த பையனின் பல்லை உடைத்தாய். வெளியூரில் இஞ்சினியரிங் இடம் கிடைத்தும், அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட ஆளில்லை என்று உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தாய். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'பொறுப்பான பையன்' என்று சர்ச்சில் எல்லோரும் புகழ்ந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். உன் அம்மாவின் கடைசி நாட்களில், ஒரு காலை நேரம், அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, 'சாமு, நீ அப்ப சின்னப் பிள்ளைப்பா. நான் அதை மனசுல வச்சுக்கல. நீயும் வச்சுக்காதே' என்றாள். நீ அவள் கைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். செய்யாத தப்புக்கு உனக்கு மன்னிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. செய்த நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டாள். அவளிடம் இனிமேல் சொல்ல முடியாது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் ரூத் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் நாற்காலி வாங்கினதையும் சேர்த்து. அவள் அழுவாள், இல்லாவிட்டால் என்மேல் எதையாவது தூக்கி வீசுவாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள். பிறகு, 'அப்பா, அண்ணனை நான் எவ்வளவு படுத்தியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?' என்றாள். 'எனக்கு எது வேணும்னாலும் அந்தக் கண்ணைத் தொட்டுக்கிட்டு அவன் முன்னால போய் நிப்பேன். அவன் தட்டுல இருக்கிற முட்டையை எடுத்து என் தட்டுல வச்சிருவான். அவன் சிநேகிதங்களோட பீச்சுக்குக் கிளம்பினா, எனக்குக் கண்ணு வலிக்குதுன்னு படுத்துக்குவேன். போகமாட்டான். வேணும்னே செஞ்சேம்பா. அவன்தானே பண்ணினான், படட்டும்னு செஞ்சேன். அதையெல்லாம் இப்ப நான் எப்படித் திருப்பிக் குடுக்கிறது? நீங்க என் கண்ணை மட்டும் எடுக்கல.' உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, 'என்னை யாரும் கொண்டுபோய் வச்சுக்க வேணாம். நான் என்ன மேஜை நாற்காலியா? எனக்கு வேலை இருக்கு, நான் இங்கதான் இருப்பேன். அவனைப் பார்க்கணும்னா லீவுல போவேன், தங்கச்சியாப் போவேன்' என்றாள். அதன் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்கு வராமல் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, வேப்பேரியில் இருக்கிற நிர்மலாவின் வீட்டுக்கு நடந்தேன். எப்படியாவது உன் கல்யாணத்தைக் காப்பாற்றிவிடவேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய அப்பா என்னை எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கடைசியில், 'இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சா சார்?' என்று மட்டும் கேட்டார். நிர்மலா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்தாள். உன்னைவிட உயரம் குறைவு, குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. 'மாமா, எங்க அப்பா யோசிக்கிறேன்னு சொன்னது ரூத் எங்களோட இருக்கிறதைப் பத்தி இல்ல. ரூத் வரட்டும், வராம இருக்கட்டும். பத்து வயசுல நடந்ததுக்கு இன்னும் தன்னையே அடிச்சுக்கிற மனுஷன் நல்லா இருப்பாரான்னுதான் யோசிச்சாங்க. நான் அப்பவே சரின்னு சொல்லிட்டேன்' என்றாள். பிறகு, 'இது அவருக்குத் தெரியுமா?' என்று கேட்டாள். 'இன்னும் தெரியாதும்மா. முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு...' என்று இழுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. 'எங்ககிட்ட ஏன் முதல்ல வந்தீங்க? இது அவரோடது இல்லையா? அவருக்குத்தானே முதல்ல சொல்லியிருக்கணும்? போய் இன்னிக்கே எழுதுங்க மாமா' என்றாள். உட்காரச் சொல்லவில்லை, காபி கொடுக்கவில்லை. வாசல்வரை வந்து செருப்பு எங்கே கிடக்கிறதென்று மட்டும் காட்டினாள்.

அவள் சொன்னது சரி. ரூத்திடம் சொன்னேன், சம்பந்தியிடம் சொன்னேன், கல்யாணத்தைக் காப்பாற்றப் போகிற நல்ல அப்பனாக வேப்பேரிவரை நடந்தேன். இந்த வயதிலும், இந்த விஷயத்தில்கூட, யார் முன்னால் என் முகம் எப்படித் தெரியும் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து இதை எழுதுகிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வீட்டில் வேறு மேஜை இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி, அதை நான் இத்தனை வருஷம் தின்றது போதும்.

நிர்மலாவைக் கட்டிக்கொள். அவள் உனக்காக என்னிடம் கோபப்பட்டாள். அந்தக் கோபம் ஒரு நாளாவது எனக்கு வந்திருக்கவேண்டும். கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்று ஒரு கார்டு போடு. வேண்டாம் என்றால் ரூத்தைத் துணையோடு அனுப்பி வைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நீ சட்டியை மூடிவிட்டுத்தான் கடைக்குப் போனாய் என்பதை உலகத்தில் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, உன்னிடம் கடைசியாகச் சொல்கிறேன்.

அப்பா